சலரோகம், தைராய்டு, ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) தமிழ்: பிரித்தானியத் தமிழ்ப் பெண்களின் கேள்விகள்

கர்ப்பகாலத்தில் சலரோகம் (நீரிழிவு) வந்தது. பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது. இனியும் சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹோர்மோன்கள்தான் இன்சுலினின் வேலையை மந்தமாக்கின. நஞ்சுக்கொடி வெளியேறியதும் இரத்தத்தில் சீனி இறங்கும். ஆனால் அப்போது ஈடுகொடுக்க முடியாமல் போன கணையம் மாறவில்லை. பிரசவமாகி 6 முதல் 13 கிழமைக்குள் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். சீனி 6.0 மில்லிமோல்/லீற்றருக்குக் கீழே என்றால் இப்போதைக்குச் சலரோகம் இல்லை. 6.0–6.9 என்றால் வரும் ஆபத்து அதிகம். 7.0 அல்லது அதற்கு மேலே போனால் சலரோகமாக இருக்கலாம், மறுபடி சோதிப்பார்கள். இந்த 13 கிழமைக்குள் எச்பிஏ1சி-யை (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனையை) நம்ப முடியாது. பிரசவத்தில் இரத்தம் போய்ப் புதுச் சிவப்பணுக்கள் ஊறும்போது அளவு குறைவாகக் காட்டும். அதன்பின் ஆண்டுக்கொரு தடவை எச்பிஏ1சி. பிள்ளையின் தடுப்பூசித் திகதியை மறக்காத தாய்மார் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான். கடிதத்துக்குக் காத்திராமல் நீங்களே கேளுங்கள். மறுபடி கர்ப்பமானால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்: 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை அப்போதே செய்து, சரியாக இருந்தாலும் 24–28 கிழமையில் திரும்பச் செய்ய வேண்டும்.

என் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 24. 25 வரை பயமில்லை என்கிறார்களே?

அது வெள்ளையருக்கான எல்லை. தெற்காசியருக்கு 23-லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-இல் அது அதிகம். அதே எடையிலும் நமக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அதனால் இடுப்பையும் அளந்து பாருங்கள்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின். உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும், 156 செ.மீ. உயரமென்றால் 78. பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் அளவு பிழையாகிவிடும்.

சிவப்பரிசிக்கு மாறினால் போதுமா?

போதாது. எந்த அரிசியானாலும் 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 30 கிராம் மாச்சத்து உண்டு. சாப்பாட்டுக் கோப்பையில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, மிச்சம் மரக்கறி. கிழங்குக் கறி மரக்கறிக் கணக்கில் வராது.

தைராய்டுக் குளிசையும் இரும்புக் குளிசையும் சேர்த்துப் போடலாமா?

கூடாது. இரும்பும் கல்சியமும் தைரொக்சினை (தைராய்டுக் குளிசையை) குடலில் பிடித்துவைத்துவிடும். 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைரொக்சினை விடிய வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்துத்தான் பால்தேநீர். இரும்புக் குறைபாடு எச்பிஏ1சி-யையும் கூட்டிக் காட்டலாம். வீட்டில் நீங்கள் பார்க்கும் சீனி அளவோடு அது பொருந்தாவிட்டால் குறிப்புக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான்தான் மொழிபெயர்க்கிறேன். சரிதானே?

வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் அம்மா சொல்லாத விடயங்கள் இருக்கும். டாபாகிளிஃப்லோசின் போன்ற சலரோகக் குளிசைகள் சிறுநீரோடு சீனியை வெளியேற்றுவதால் பெண்ணுறுப்பில் பூஞ்சை வந்து கடிக்கலாம். வெட்கத்தில் அதை மறைத்து, குளிசையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு சீனி ஏன் ஏறுகிறது என்று டாக்டருக்குப் புரியாது. பூஞ்சைக்குச் சுலபமான மருந்து உண்டு, தேவையென்றால் குளிசையையும் மாற்றலாம். என்எச்எஸ்-இல் (பிரித்தானிய அரச சுகாதார சேவையில்) மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. நேரம் பதியும்போதே "தமிழ், பெண் மொழிபெயர்ப்பாளர், இரட்டை நேரம்" என்று கேட்டு, அம்மாவின் பதிவில் நிரந்தரமாகக் குறிக்கச் சொல்லுங்கள்.