டிரம்மர் பக்கம் போய் உட்காருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆரம்பகால கோத் இசை (பிரிட்டனில் கிளம்பிய, கறுப்பு உடையும் இருண்ட தொனியுமான ராக் வகை) பற்றிய உங்கள் கட்டுரையில் பாவ்ஹவுஸ் குழுவுக்கு ஒரு பத்தி, சதர்ன் டெத் கல்ட்டுக்கு மூன்று பத்தி. ஒன்றரை வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல், ஒரே ஒரு சிங்கிளோடு கலைந்த குழு அது. பாடகர் இயன் ஆஸ்ட்பரி பிறகு 'தி கல்ட்' மூலம் புகழ்பெற்றார் என்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

மூன்று பத்தி எழுதியும் விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். பாடகரை வைத்தே கதை சொன்னது என் தப்பு. அவரை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். 1983 தொடக்கத்தில் குழு கலைந்தது. அவர் கிட்டாரிஸ்ட் பில்லி டஃபியோடு சேர்ந்து டெத் கல்ட் என்ற குழுவை ஆரம்பித்தார். 1984இல் அது தி கல்ட் ஆனது. வெறும் முன்கதைச் சுருக்கம்.

டிரம்மர் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். அக்கி நவாஸ், வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் வளர்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன். அந்தச் சிங்கிளில் உள்ள 'மோயா'வை ஹெட்ஃபோனில் கேளுங்கள், டாம்-டாம் டிரம்களின் உருட்டல்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகும். (உடனே 'நம்ம ஊர் அடி' என்று கிளம்பிவிடாதீர்கள். அப்போது பல பிரிட்டிஷ் குழுக்கள் அப்படித்தான் அடித்தன.)

பிராட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளின் ஊர். ஆலை வேலைக்கென்று வந்து தங்கிய பாகிஸ்தானியக் குடும்பங்கள் ஏராளம். 1981 ஜூலையில், நிறவெறிக் கும்பல் ஊருக்குள் வரப்போகிறது என்று பெட்ரோல் குண்டு தயாரித்து வைத்த ஆசிய இளைஞர்கள் 12 பேர் கைதானார்கள். அது தற்காப்பு என்ற வாதத்தை ஏற்று 1982 ஜூனில் ஜூரி அத்தனை பேரையும் விடுவித்தது. சதர்ன் டெத் கல்ட் உருவானது அந்த ஊரில், அந்த இடைவெளியில்.

குழுவின் பெயரோ மிசிசிப்பிப் பக்கத்துப் பூர்வகுடிகளின் பழைய சடங்கு மரபுக்கு ஆய்வாளர்கள் வைத்தது. சிறுவயதில் கனடாவில் இருந்த ஆஸ்ட்பரிக்கு அந்த மக்கள்மேல் தீராத ஈர்ப்பு. கடலுக்கு அப்பால் நிலம் பறிகொடுத்தவர்களுக்காக அவர் முன்னால் நின்று உருகுகிறார். பின்னால் உட்கார்ந்து அடிக்கிறவருக்கு நிறவெறி தெருமுனைச் சமாச்சாரம். இந்த முரணை எந்த மதிப்புரையும் பொருட்படுத்தி நான் படித்ததில்லை. எல்லோரும் தலைமுடியைப் பற்றித்தான் எழுதினார்கள்.

கலைந்த பிறகு மற்ற மூவரும் 'கெட்டிங் தி ஃபியர்' என்று கொஞ்சகாலம் ஓட்டிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1988இல் நவாஸ், காத் கனோவில்லோடு சேர்ந்து நேஷன் ரெகார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் என்ற பிரிட்டிஷ் ஆசியக் குழுவின் முதல் ஆல்பம் 1995இல் அங்கிருந்துதான் வந்தது. அவருடைய சொந்தக் குழுவான ஃபன்-டா-மென்டல், இனவெறியையும் இஸ்லாமையும் பற்றி உரக்கப் பேசி பிரிட்டனில் பலரை நெளியவைத்தது. தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் ஆசிய இசைக்கு ஒரு வேர் இந்தக் கறுப்புச் சட்டைக் கூட்டத்தில் இருக்கிறது என்பதால்தான் மூன்று பத்தி.

பாவ்ஹவுஸுக்கு ஒரு பத்திதான் என்ற புகார் நியாயம். சதர்ன் டெத் கல்ட்டையே தங்கள் சுற்றுப்பயணத்தில் கூட்டிப்போனவர்கள் அவர்கள். தனியாக எழுதுகிறேன்.