எஞ்சின் லைட் எரிகிறது, பி0171 கோடு வருகிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா?

உங்கள் பெட்ரோல் காரில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிகிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஸ்கேனர் போட்டுப் பார்த்த மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்றாதீர்கள். பி0171 எந்த பார்ட்டையும் குறிக்கும் கோடு அல்ல. எஞ்சினுக்குள் போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான்.

என் வண்டியிலும் இதே கோடுதான் வந்தது. முதலில் கோடை அழிக்காமல் ஃப்ரீஸ் ஃப்ரேம் பார்த்தேன். லைட் எரிந்த நேரத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைக்கும் பதிவு அது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும். அதனால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் வேகம் பூஜ்யம், எஞ்சின் நல்ல சூட்டில், ஆர்.பி.எம் ஐட்லிங்கில் என்று இருந்தது. ஓடும்போது அல்ல, சிக்னலில் நிற்கும்போதுதான் குறை வந்திருக்கிறது.

அடுத்து ஃபியூல் ட்ரிம். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதைக் காட்டும் சதவீதம் இது. இதில் ஷார்ட் டெர்ம் என்பது அந்த நொடியின் திருத்தம், லாங் டெர்ம் என்பது கம்ப்யூட்டர் நாளடைவில் கற்றுவைத்த திருத்தம். லாங் டெர்ம் எண் பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. எனக்கு ஐட்லிங்கில் 18-ஐ ஒட்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்-இல் பிடித்தால் 4-க்கு வந்தது. இந்த இறக்கம்தான் முக்கியமான துப்பு. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வரும் காற்று பெரிய பங்கு. ஆர்.பி.எம் ஏறினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். அதாவது த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வை) தாண்டி எங்கேயோ வெளிக்காற்று உள்ளே கசிகிறது.

பானட்டைத் திறந்து பார்த்தால் எல்லா ஹோஸும் சரியாகத்தான் தெரிந்தன. பி.சி.வி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்பக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் குழாயின்) வளைவுக்கு அடியில் விரலை விட்டுத் தடவியபோது ரப்பர் சூட்டில் இறுகி வெடித்திருந்தது. உறுதிப்படுத்த, எஞ்சின் ஓடும்போது மெக்கானிக் அண்ணன் ஒரு காரியம் செய்தார்: ஹோஸை மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயை) ஒட்டிய இடத்தில் நசுக்கிப் பிடித்தார். உடனே ஷார்ட் டெர்ம் எண் இறங்க ஆரம்பித்தது. “தம்பி, சென்சார் மேல பழி போடாதே, இதான் ஆளு” என்றார். ஹோஸை மாற்றினோம், சென்சார் பழையதே இருக்கிறது. மழைக்காலத்தில் எலி கடித்த ஹோஸாலும் இதே கதை நடக்கும், அதையும் பாருங்கள்.

ஒன்று கவனியுங்கள். உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில்தான் இந்தக் கணக்கு தெளிவாகப் பொருந்தும். மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் கசிவு இருந்தால் ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கலாம்.

உங்களுக்கு எண்கள் தலைகீழாக, ஐட்லிங்கில் சரியாகவும் மேடு ஏறும்போது மோசமாகவும் இருந்தால் பெட்ரோல் பம்ப் பிரஷர், ஃபில்டர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் பாருங்கள். இதையெல்லாம் பார்க்க ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும், ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். அடாப்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

லைட் நிலையாக எரிந்து வண்டி சாதாரணமாக ஓடினால், பார்த்து ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். மிஸ்ஃபயர் ஆகி (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல்) எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும், அந்தச் செலவு ரொம்பப் பெரியது.

சரி, சென்சாரை எப்போதுதான் மாற்றுவது? பி0135 மாதிரி அதன் ஹீட்டர் சர்க்யூட்டையே சொல்லும் கோடு வந்து, வயரும் ஃபியூஸும் நன்றாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். வெறும் பி0171 என்றால் மெக்கானிக்கிடம் ஐட்லிங்கிலும் 2500-லும் ட்ரிம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.