பாயிண்ட் டூ டூ டார்கெட் பிஸ்டல்: வாசகர் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை வாசகர்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரேஞ்சுக்குப் போகிறவன் நான். போட்டி ஆசையெல்லாம் இல்லை. கிளப்பின் பழைய வால்தர் ஜிஎஸ்பியில் சுடுகிறேன். சொந்தமாக வாங்கலாம் என்று பார்த்தால் ஒருவர் பர்தினி எஸ்பி என்கிறார், இன்னொருவர் ரூகர் மார்க் 4 போதும் என்கிறார். எதை வாங்க?

பதில்: வெளிநாட்டு டார்கெட் பிஸ்டல் நம்மூரில் கடைக்குப் போய் எடுத்து வருகிற சாமான் அல்ல. இறக்குமதி அனுமதி பெரும்பாலும் தகுதி பெற்ற போட்டியாளர்கள் வழியாகத்தான் நடக்கிறது. உங்கள் கைக்கு வருவது யாரோ சுட்டுப் பழகியதாகத்தான் இருக்கும். எனவே மாடல் பெயரைவிட, எதிரே மேஜைமேல் இருக்கிற அந்த ஒரு பிஸ்டல் எப்படி இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

ஜிஎஸ்பியும் பர்தினியும் ஒரே ரகம். மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) டிரிகருக்கு முன்னால், 5 ரவுண்டு. கைப்பிடிக்குள் மேகசின் இல்லாததால் கிரிப்பை உள்ளங்கைக்கு ஏற்றபடி சாய்த்துச் செதுக்க முடிகிறது. டிரிகர் இரண்டு கட்டம்: முதலில் லேசாக வந்து ஓர் இடத்தில் நிற்கும், அங்கிருந்து கொஞ்சம் அழுத்தினால் விடும். ரூகரில் மேகசின் கைப்பிடிக்குள், 10 ரவுண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் டிரிகரை இழுக்க இரண்டு கிலோவை ஒட்டிய அழுத்தம் வேண்டும். ஆனால் முரட்டு உழைப்பு உழைக்கும், எந்தக் கம்பெனித் தோட்டாவைப் போட்டாலும் அதிகம் முரண்டு பிடிக்காது. 2016-இல் வந்த மார்க் 4-ஐ ஒரு பட்டனை அழுத்திப் பிரிக்கலாம். அதற்கு முந்தைய மார்க் 2, 3 என்றால் பிரிப்பது சுலபம், திரும்பப் பூட்டுவதற்குள் வியர்த்துவிடும்.

பேரலின், அதாவது குழாயின், துல்லியத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூன்றுமே உங்களைவிட நன்றாகச் சுடும்! கணக்குப் போட்டுப் பாருங்கள். முன், பின் சைட்டுகளுக்கு நடுவே 220 மில்லிமீட்டர் என்று வைத்தால், பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினாலே 25 மீட்டரில் குண்டு சுமார் 114 மில்லிமீட்டர் தள்ளி விழும். பிரிசிஷன் டார்கெட்டில் 10-ஆம் வளையத்தின் விட்டமே 50 மில்லிமீட்டர்தான். சைட்டை ஒதுக்குவது பேரல் அல்ல, பொருந்தாத கிரிப்பும் கரடுமுரடான டிரிகரும். அதனால் என் ஓட்டு, கைக்குப் பொருந்தும் கிரிப்போடு கிடைக்கிற ஜிஎஸ்பிக்கு. பர்தினி இன்னும் நயமானது, ஆனால் அந்த நயம் வாரத்துக்கு 50 ரவுண்டு சுடுகிறவருக்குத் தெரியப்போவதில்லை.

பழைய பிஸ்டலில் நான்கு விஷயம் பாருங்கள். முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு டார்ச் அடித்துச் சேம்பரின் வாயோரத்தைப் பாருங்கள். அங்கே சின்னக் குழி விழுந்திருந்தால் முந்தைய உரிமையாளர் தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்து இழுத்துப் பழகியிருக்கிறார். பாயிண்ட் டூ டூ போன்ற ரிம்ஃபயரில் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பைத்தான் அடிக்கும்; தோட்டா இல்லாவிட்டால் அந்த அடி சேம்பர் உலோகத்தின்மேல் விழும். டிரிகருக்கு, ஹேமரை ஏற்றிப் பிஸ்டலை நேர்மேலாகப் பிடித்தால் டிரிகரில் மாட்டிய ஒரு கிலோ எடையை அது தூக்க வேண்டும், ஹேமரை விடக்கூடாது. சர்வதேச விதியில் 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தது 1000 கிராம் என்பது அதுதான். மேகசின் இரண்டாவது இருக்கிறதா, கிரிப் வலதுகைக்கா இடதுகைக்கா என்பது மூன்றாவது.

நான்காவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2005-க்கு முன் ரேபிட் ஃபயர் (வேகமாகச் சுடும்) போட்டி பாயிண்ட் டூ டூ ஷார்ட் தோட்டாவில் நடந்தது. வால்தர் ஓஎஸ்பி, பர்தினி ஜிபி எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும், மலிவாகவும் வரும். நாம் வழக்கமாகச் சுடும், அதைவிட நீளமான லாங் ரைஃபிள் தோட்டா அதில் போகாது. பேரலில் பொறித்திருப்பதைப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புத்தூர் (ஆந்திரா) வாசகர்: 50 ரவுண்டுப் பெட்டியில் மூன்று நான்கு வெடிக்காமல் போகிறது. குறை பிஸ்டலிலா தோட்டாவிலா?

பதில்: வெடிக்காத தோட்டாவே பதில் சொல்லிவிடும். குழாயை டார்கெட் பக்கமே வைத்து 30 நொடி பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். தடம் ஆழமாக, தெளிவாக விழுந்திருந்தால் குறை தோட்டாவில். ரிம்ஃபயரில் வெடிமருந்துக் கலவையை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றித்தான் விளிம்புக்குள் பரப்புகிறார்கள். பரவாத இடத்தில் ஃபயரிங் பின் அடித்தால் ஒன்றும் நடக்காது. பெட்டியை மாற்றிப் பாருங்கள்.

தடம் மேலோட்டமாக இருந்தால் பிஸ்டல் பக்கம் வாருங்கள். முக்கால்வாசி நேரம் காரணம் சேம்பரில் படிந்த மெழுகும் கரியும்தான். தோட்டா கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். ஃபயரிங் பின் அடிக்கிற அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். சேம்பரைப் பிரஷ் போட்டும் சரியாகவில்லை என்றால் ஃபயரிங் பின் ஓடும் துளையைச் சுத்தம் செய்யுங்கள், அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிங் மாற்றுங்கள்.

உங்கள் பக்கத்து வெயிலுக்கு இன்னொன்று: பெட்டியைக் கார் டேஷ்போர்டில் விடாதீர்கள். குண்டின்மேல் பூசிய மெழுகு உருகி, தூசியை ஒட்டிக்கொண்டு, மேற்சொன்ன அடைப்பை அதுவே உண்டாக்கும்.

சத்தம் 'புஸ்' என்று கேட்டு, டார்கெட்டில் ஓட்டை இல்லை என்றால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நிற்கிறது. ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

வேலந்தாவளம் வாசகர்: வீடு கேரளாவில், ரேஞ்ச் கோயம்புத்தூரில். சொந்தப் பிஸ்டலைக் கொண்டுபோய் வரலாமா?

பதில்: லைசென்ஸில் 'செல்லுபடியாகும் பகுதி' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாவட்டம் அல்லது கேரளா மட்டும் என்றிருந்தால் செக்போஸ்ட்டைத் தாண்டுவதே குற்றம், ரேஞ்ச் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும். லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடமே பகுதியை விரிவாக்க மனுப் போடுங்கள். கிடைக்கும்வரை அங்கே கிளப் பிஸ்டலில் சுடுங்கள். கிடைத்த பிறகு, பூட்டிய பெட்டி, மேகசின் கழற்றி, தோட்டா தனியாக, அசல் லைசென்ஸும் கிளப் கார்டும் கையில். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் காலம் 5 ஆண்டு. அதனால்தான் பலர் புதுப்பிக்கிற தேதியை மறந்துவிடுகிறார்கள்.

குமுளி வாசகி: மகளுக்கு 14 வயது. பழக்கலாமா?

பதில்: லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும். ஆனால் 12 வயதிலிருந்து மேற்பார்வையில் பயிற்சி எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பாயிண்ட் 177 ஏர் பிஸ்டலில், 10 மீட்டரில் ஆரம்பியுங்கள் அம்மா. சைட், மூச்சு, டிரிகர் மூன்றும் அங்கேயே படிந்துவிடும்.

பாறசாலை வாசகர்: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பேரல் துருப்பிடிக்கிறது. தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்தால் இன்னும் மோசம்.

பதில்: முதல் எதிரி உங்கள் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு. ஈரத்தை உறிஞ்சி, உலோகத்தோடு ஒட்டவைத்து வைத்திருக்கும். தோல் உறையும் அப்படியே. இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். மரக் கிரிப்பை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். துரு கிரிப்புக்கு அடியில்தான் முதலில் தொடங்கும். பேரலை ஒவ்வொரு முறையும் தேய்க்க வேண்டாம். ஈயக் குண்டு பேரலைத் தேய்ப்பதைவிட, குழாய்வாய் வழியாகத் தப்பாக ஓட்டும் சுத்தம் செய்யும் கம்பி அதிகம் தேய்க்கும். முடிந்தால் சேம்பர் பக்கமிருந்து ஓட்டுங்கள்.

ஒப்படைக்கும்முன் பேரலுக்குள் எண்ணெய் விட்டு, சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வந்ததும் காய்ந்த துணித்துண்டு இரண்டை உள்ளே ஓட்டி எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். அதன் பிறகும் முதல் ஐந்து ரவுண்டு டார்கெட்டில் எங்கேயாவது அலையும். அதைப் பார்த்து சைட்டைத் திருகாதீர்கள்.