சுஷி சரியில்லை, சரி. தோழி?

கேள்வி: நானும் என் தோழியும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இருவருக்கும் இப்போது 45 வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாடி, சுஷி சாப்பிடலாம்" என்று மாலுக்குக் கூட்டிப்போனாள். எனக்கு அதுதான் முதல் தடவை. சாதம் ஜில்லென்று விறைத்துக் கிடந்தது. சுற்றியிருந்த கறுப்புத் தாளைக் கடித்தால் ரப்பராக இழுத்தது. கையால் எடுத்தேன். "கையால சாப்பிடாதடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். ஓரத்தில் பச்சையாக இருந்ததைச் சட்னி என்று நினைத்து மொத்தமாக வாயில் போட்டுவிட்டேன். கண், மூக்கு எல்லாம் தண்ணீர். அதை வீடியோ எடுத்து எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். 10 சதவீத சர்வீஸ் சார்ஜோடு பில் 4,158 ரூபாய். "பாதி ஜிபே பண்ணிடு" என்றாள். அப்புறம் மூன்று மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கி, ஒற்றைக் கட்டில் பெட்ஷீட் இரண்டு, பூட்டு, பக்கெட், துணி கிளிப் என்று வாங்கிக் குவித்தாள். பைகளைத் தூக்கியது நான். அம்மாவின் முட்டி ஆபரேஷன் பற்றி அவளிடம் பேசலாம் என்று போயிருந்தேன், அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். சுஷி பிடிக்காத நான் பட்டிக்காடா? சாப்பிட்ட பச்சை மீன் உடம்புக்கு ஆகுமா? சர்வீஸ் சார்ஜ் போட்டது சரியா? அடுத்த மாதம் ராமென் சாப்பிடக் கூப்பிடுகிறாள். போவதா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம், குரோம்பேட்டை.

பதில்: பட்டிக்காடு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சாத உருண்டையின் மேல் மீன் துண்டு வைத்துத் தருகிறார்களே, அதை நிகிரி என்பார்கள். அதைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலேயே முறையான வழக்கம். இன்றைய டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெருவோரக் கடையில் நின்றபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போகிற அவசரச் சாப்பாடாகத்தான் நிகிரி பரவியது. குச்சியால் எடுப்பதும் உண்டு, அதுவும் தப்பில்லை. ஆனால் கையால் எடுப்பவரை அங்கே யாரும் அதட்ட மாட்டார்கள். உங்கள் தோழிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. தெரியாத விஷயத்தில் உங்களைக் கூச வைக்காமலாவது இருந்திருக்கலாம்.

அடுத்தது, நீங்கள் சாப்பிட்டது நல்ல சுஷியே இல்லை. சுஷியில் மீனைவிடச் சாதம்தான் பெரிய வேலை. குட்டையான, ஒட்டுகிற அரிசியை வேகவைத்து, அரிசி வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து, கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருக்கும்போதே பரிமாற வேண்டும். முன்கூட்டியே உருட்டி ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டால் மாவுச்சத்து இறுகிவிடும். ராத்திரி மிஞ்சிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள், அதே விறைப்பு. கறுப்புத் தாள் என்று நீங்கள் எழுதியது நோரி, கடற்பாசியில் செய்வது. மொறுமொறுவென்று இருக்க வேண்டியது ஈரம் இழுத்து நமுத்தால் ரப்பராகத்தான் ஆகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தட்டு நீங்கள் ஆர்டர் கொடுப்பதற்கு வெகு நேரம் முன்பே தயாராகிவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அந்தப் பச்சை உருண்டை வசாபி. நிஜ வசாபி, ஜப்பானின் குளிர்ந்த ஓடைக் கரைகளில் வளரும் செடியின் தண்டைத் துருவி எடுப்பது. விலை அதிகம், துருவிய கொஞ்ச நேரத்தில் வேகமும் போய்விடும். அதனால் பெரும்பாலான கடைகளில் தருவது ஹார்ஸ்ராடிஷ் என்ற வேரும் கடுகும் பச்சைச் சாயமும் கலந்த சரக்கு. இந்தக் காரம் நாக்கில் தங்காமல் நேரே மூக்குக்கு ஏறும், ஆந்திரா ஊறுகாய்க்குப் பழகியவருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். ஓர் அரிசி அளவு தொட்டுக்கொண்டால் போதும். முதல் தடவை வருகிறவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது பரிமாறியவரோ, கூட்டிப்போனவரோதான். ஒருவர் சொல்லவில்லை, இன்னொருவர் போனைத் தூக்கிவிட்டார்.

பச்சை மீனுக்கு வருகிறேன். ஒரு மாதம் ஆகியும் வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பொதுவாகத் தெரிந்துகொள்ள ஒன்று சொல்கிறேன். பச்சையாகப் பரிமாறும் மீனை, அதிலிருக்கக்கூடிய புழுக்கள் சாக, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லும் முறை. அதனால் காசிமேட்டில் விடியற்காலை துள்ளத் துள்ள வாங்கிய மீனாக இருந்தாலும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம், குழம்பு வையுங்கள். அன்றைக்கு ஆரஞ்சு நிறத்தில் வந்தது சால்மனாக இருந்தால், அது குளிர்நாட்டு மீன். நம் மீன்கடையில் இந்தியன் சால்மன் என்று தருகிற காலா மீன் வேறு. ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாகத் தின்னப் பழகியது, 1980-களின் நடுவில் நார்வேக்காரர்கள் தங்கள் மீனை அங்கே விற்கப் பிரசாரம் தொடங்கிய பிறகுதான். ஒரு மதியத்தில் உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை.

பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இன்னொரு தடவை நல்ல சுஷி பார்க்கலாம் என்று தோன்றினால், ஷாப்பிங் மாலுக்கு வெளியே தேடுங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகள் வந்த பிறகு கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள் சென்னையில் குடியேறின. அவர்கள் சாப்பிடுவதற்கென்றே சில உணவகங்கள் உண்டு. ஜப்பானிய ஆபீஸ்காரர்கள் மதியம் வந்து உட்காருகிற இடமாகப் பாருங்கள். பெரிய பிளாட்டர் வேண்டாம், ஒரு வெள்ளரிக்காய் ரோலும் ஒரே ஒரு நிகிரித் தட்டும் போதும்.

சர்வீஸ் சார்ஜை வாடிக்கையாளரைக் கேட்காமல் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும் கட்டாயம். உங்கள் கணக்கில் சாப்பாடு 3,600, சர்வீஸ் சார்ஜ் 360, இரண்டுக்கும் சேர்த்து வரி 198. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லியிருந்தால் 3,780-தான் வந்திருக்கும், உங்கள் பங்கில் 189 ரூபாய் மிச்சம். அடுத்த முறை பில் வந்ததும், "சர்வீஸ் சார்ஜ் எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இதெல்லாம் நீங்கள் கேட்டவை. கேட்காத ஒன்றுக்கு வருகிறேன்.

சாதம், நோரி, வசாபி, பில், பைகள் என்று கடிதம் முழுக்க விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் முட்டிக்கு மட்டும் ஒரே வரி, அதுவும் பைகளுக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில். நீங்கள் அன்றைக்குக் கிளம்பியதே அதைப் பேசத்தான். சாதம் நன்றாக இருந்து, அம்மாவைப் பற்றியும் பேசியிருந்தால், அந்த 2,079 ரூபாய் உங்களுக்கு இவ்வளவு உறுத்தியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். சுஷி மேல் கோபப்படுவது சுலபம், அது திருப்பிப் பேசாது.

தோழியின் மேல் எனக்கும் கோபம் உண்டு, மறைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு இருமுகிற சிநேகிதிக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தாமல் போனை நீட்டுவது குறும்பு இல்லை. கூட இருந்து சிரிப்பது வேறு, நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பிச் சிரிக்க வைப்பது வேறு. இதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், போனில் பேசுங்கள். "அந்த வீடியோ போட்டது எனக்குக் கஷ்டமா இருந்துச்சுடி. இனிமே என்னைக் கேக்காம போடாத." இவ்வளவுதான். முன்னால் "தப்பா நெனச்சுக்காத" வேண்டாம், பின்னால் பில், பை, விறைத்த சாதம் எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் அவள் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்வாள். "சரி, அடுத்த தடவை பில் நான் தரேன்" என்று முடித்துவிடுவாள். வீடியோவை அழிக்கச் சொல்லிப் பயனில்லை. அனுப்பி இரண்டு நாளுக்குமேல் ஆகிவிட்டால் எல்லார் போனிலிருந்தும் அதை எடுக்க அவளாலும் முடியாது. அவள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தப் போன்.

பணத்தை விட்டுவிடுங்கள். கூப்பிட்டவர் கொடுப்பது நம் பழைய வழக்கம், பாதிப் பாதி இப்போதைய வழக்கம். எது என்று உள்ளே நுழையும்முன் இருவருமே பேசவில்லை. இனி மெனு கார்டு வரும்போதே, "இவ்வளவுக்குள்ள பாத்துக்கலாம்டி" என்று சொல்லிவிடுங்கள்.

அந்த ஷாப்பிங் பட்டியலை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன். ஒற்றைக் கட்டில் பெட்ஷீட் இரண்டு, பூட்டு, பக்கெட், துணி கிளிப். நீங்கள் எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்கு வாங்கியது போலத் தெரிகிறது. அவள் வீட்டில் பிள்ளை யாராவது வெளியூருக்குப் படிக்கப் போகிறதா? சும்மா ஆஃபரில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஆனால் நீங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் இரண்டு பேரும் சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டு எஸ்கலேட்டரில் ஏறி இறங்கியிருக்கிறீர்களோ என்னவோ. வீடியோ தப்பு இதனால் சரியாகிவிடாது. போனில் அதைச் சொல்லி முடித்தபிறகு, "யாருக்குடி பெட்ஷீட்டு?" என்றும் கேளுங்கள்.

அம்மா விஷயம் பேசுவதற்கு மால் தோதான இடமில்லை. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் குழந்தைகள் ரயில், உட்காரலாம் என்றால் காசு. அடுத்து அம்மாவை எலும்பு டாக்டரிடம் காட்டப் போகும்போது கூட வரச் சொல்லுங்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரும் ஒன்றரை மணி நேரத்தில் வேறு என்ன வேலை? ஆபரேஷன் ஆனதும் யார் கூட இருப்பது, ராத்திரி யார், செலவுக்கு என்ன வழி என்று நீங்கள் மனதுக்குள் போட்டுப் புரட்டுவதை எல்லாம் அங்கே பேசலாம். வருகிறாளா என்றும் தெரிந்துவிடும்.

ராமெனுக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் பேசுவதற்கென்று போகாதீர்கள். அது கொதிக்கிற சூப்பில் வருகிற நூடுல்ஸ், ஊறிப்போகும்முன் சாப்பிட்டு எழ வேண்டும். அடுத்த மாதம் புரட்டாசி. நீங்கள் கவுச்சி விடுகிறவர் என்றால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், சூப்பு பெரும்பாலும் பன்றி எலும்பிலோ கோழி எலும்பிலோ இறக்குவது. காய்கறி ராமென் என்று போட்டிருந்தாலும், உலர்த்திய சூரை மீன் சீவல் சேர்த்த தாஷி என்ற சாறு அடியில் இருக்கலாம். ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாலும் சரிதான். அந்தப் போன் பேச்சை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.