சம்பளம் நின்றாலும் நாள் நிற்கக் கூடாது

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பொருளாதார மந்தம் பற்றியவை. ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வெகுகாலம் இருந்தவள் நான். ஆட்களை எடுத்த காலத்தையும் அனுப்பிய காலத்தையும் அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். என் வேலை இப்போதைக்கு இருக்கிறது. ஆனாலும் ராத்திரி ஒரு மணி வரை போனில் மந்தம் பற்றிய செய்திகளையே பார்க்கிறேன். மனைவி திட்டுகிறாள். எதற்கும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

தயாராக இருக்கத்தான் வேண்டும், தம்பி. ஆனால் அதற்கு அந்தச் செய்திகள் உதவாது. அமெரிக்காவில் மந்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று முறைப்படி சொல்வதற்கென்றே பொருளாதார அறிஞர்களின் குழு ஒன்று இருக்கிறது. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை அவர்கள் அறிவித்தது 2008 டிசம்பரில். அது 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்று சொன்னது 2010 செப்டம்பரில். அவர்களைக் குறை சொல்லவில்லை. புள்ளிவிவரங்கள் வந்து சேர்ந்து, திருத்தப்பட்டு, உறுதியாக அவ்வளவு நாள் ஆகிறது. அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கே இந்த நிலை என்றால், நள்ளிரவில் ஒரு தலைப்புச் செய்தி உங்களுக்கு என்ன சொல்லிவிடப் போகிறது?

உங்களால் துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடிந்த ஒரு கணக்கு இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் கணக்கு. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு மனைவியோடு உட்காருங்கள். வாடகை, கடன் தவணை, சாப்பாடு, மருந்து, பள்ளிக் கட்டணம் என்று நிறுத்தவே முடியாதவற்றை மட்டும் கூட்டுங்கள். கையில் உடனே எடுக்கக்கூடிய சேமிப்பை அந்தத் தொகையால் வகுத்தால், வருமானம் முழுக்க நின்றாலும் எத்தனை மாதம் தாங்கும் என்பது தெரிந்துவிடும். இரண்டு மாதம் என்று வந்தால்கூடப் பரவாயில்லை. "என்ன ஆகுமோ" என்பதை விட "இரண்டு மாதம்" மேல். அதை மூன்றாக்க என்ன வழி என்று உடனே யோசிக்கலாம்.

அப்புறம், வேலை நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு? எடுக்காத விடுப்புக்குப் பணம் தருவார்களா? அலுவலகம் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலை போன அன்றே நின்றுவிடுமா? கடைசி நாளில் என் மேஜைக்கு வந்தவர்களில் பலர் அப்போதுதான் முதல்முறையாக இதையெல்லாம் கேட்டார்கள். பதிலைக் காதில் வாங்கும் நிலையில்கூட அவர்கள் இல்லை. முன்பே தெரிந்துவைத்திருந்தவர்கள் நிதானமாகப் பேசி, வர வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பகலில் இந்தக் காகிதங்களைப் படித்துவைப்பது உங்களுக்குத் தைரியம் தரும். செய்தியைக் காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

கேள்வி: வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. முதலில் தினமும் விண்ணப்பம் அனுப்பினேன். இப்போது பத்து மணிக்குத்தான் எழுகிறேன். நேரம் நிறைய இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாள் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

இல்லவே இல்லை. உங்களுக்கு நடப்பது சோம்பல் அல்ல என்பதற்குத் தொண்ணூறு வருடங்களுக்கு முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த ஆலை, 1929 இல் தொடங்கிய பெரும் மந்தத்தில் மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய ஆய்வாளர்கள் குழுவோடு போய் அந்த மக்களின் அன்றாடத்தைப் பதிவு செய்து, 1933 இல் வெளியிட்டார்கள். தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தைக்கூட அவர்கள் அளந்தார்கள். ஆண்கள் பெண்களை விட மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கோ வீட்டு வேலை காத்திருந்தது. அன்றைய பொழுதை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது, எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர நடுவில் என்ன செய்தோம் என்று பல ஆண்களுக்கு நினைவில்லை. நூலகத்தில் கட்டணத்தை நீக்கிவிட்ட பிறகும், இரவல் வாங்கிய புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. நேரம் கூடியது, படிப்பு குறைந்தது. அவர்கள் அத்தனை பேரும் சோம்பேறிகளா? ஆலை ஓடியவரை உழைத்துக்கொண்டிருந்தவர்கள்தானே!

யஹோடா பின்னாளில் இதை விளக்கினார். வேலை சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் தருகிறது: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே பழக்கம், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், சும்மா இராமல் இயங்க ஒரு கட்டாயம். வேலை போகும்போது இவை எல்லாம் சேர்ந்து போகின்றன. சம்பளத்தை நாளையே வரவழைக்க உங்களால் முடியாது. ஆனால் மற்றவற்றில் சிலதை இந்த வாரமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போன காலத்தில் எழுந்த நேரத்துக்கே எழுந்திருங்கள். விண்ணப்ப வேலையைக் காலையில் இரண்டு மணி நேரத்தோடு முடித்துவிடுங்கள். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு ஒன்றும் அனுப்பாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. சாயங்காலம், உங்களை யாராவது எதிர்பார்க்கும் இடம் ஒன்றுக்குப் போங்கள். ஒரு பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருவதாக இருந்தாலும் சரி, குறிப்பிட்ட நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால் ஒருவர் "எங்கே காணோம்?" என்று கேட்க வேண்டும்.

தினமும் ஒருவரிடமாவது பேசுங்கள், அதுவும் நெருங்கிய நண்பர்களைத் தாண்டி. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவலைச் சொன்னவர் எப்போதாவது பார்க்கும் ஆளாகவே இருந்தார். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழைய அலுவலகத்தில் அடுத்த பிரிவில் இருந்தவர், முன்பு சரக்கு அனுப்பியவர், கல்லூரியில் இரண்டு வருடம் மூத்தவர், இவர்களுக்குப் போன் செய்யுங்கள். "வேலை வாங்கித் தருவீர்களா" என்று கேட்டால் அவர் சங்கடப்பட்டு நழுவுவார். "உங்கள் பக்கம் இப்போது எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், யாரிடம் பேசினால் விவரம் தெரியும்?" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுவார்.

இன்னொன்று. தூக்கம் தொடர்ந்து கெட்டிருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினாலோ, நாளைக்கு என்று தள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பங்குச் சந்தையில் போட்ட சேமிப்பு கரைகிறது. மகளின் கல்லூரிப் பணமும் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடவா?

1929 இல் விழத் தொடங்கிய அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு பழைய உச்சத்தைத் தொட 1954 ஆகிவிட்டது. 2020 இல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு சரிந்த அந்நாட்டின் இன்னொரு குறியீடான எஸ் அண்டு பி 500, அதே வருடம் ஆகஸ்டில் பழைய உச்சத்துக்கு வந்துவிட்டது. இப்போதைய சரிவு எந்த வகை என்று உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள் அம்மா. பணம் எப்போது தேவை என்று மட்டும் பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம் சந்தையில் இருக்கவே கூடாது, நஷ்டம் என்றாலும் அதைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள். பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணத்தைப் பயத்தில் விற்காதீர்கள்.

கேள்வி: இந்த வருடம் படிப்பு முடிகிறது. மந்தக் காலத்தில் வெளியே வருபவர்களின் வாழ்க்கையே பின்தங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மறுபாதியை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. கனடாவில் கல்லூரி முடித்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மந்தத்தில் வெளிவந்தவர்களின் ஆரம்பச் சம்பளம் ஒன்பது சதவீதம் அளவுக்குக் குறைவாகத்தான் இருந்தது. ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி பாதியானது, பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய மறைந்தது. மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பலர் சிறிய, குறைந்த சம்பள நிறுவனத்தில் சேர்ந்து, காலம் தெளிந்ததும் மேலான நிறுவனத்துக்கு மாறினார்கள்.

ஆகவே, கண்ணு, மனதுக்குப் பிடித்த வேலை வரும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டாம். கிடைப்பதில் சேருங்கள். ஆனால் எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று பார்த்துச் சேருங்கள். அங்கேயே தங்கிவிடவும் வேண்டாம். மந்தக் காலத்தில் சேர்ந்தவர்களில் பலர் அந்தப் பயத்திலேயே, நல்ல காலம் வந்த பிறகும் அசையாமல் இருந்ததைச் சம்பளப் பட்டியலில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். வேலை நன்றாகச் செய்வார்கள், புதிதாக வருபவர் அவர்களை விட அதிகம் வாங்குவார். சேர்ந்த இரண்டாம் வருடம் வெளியே என்ன சம்பளம் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். அதிகம் என்றால் முதலில் உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். அவர் கையை விரித்தால் விண்ணப்பம் போடுங்கள்.