சுவரெழுத்தும் கடை போர்டும்: வாசகர் கேள்வி – பதில்

விளம்பரத்தைக் கலை என்று சொல்லலாமா? மகன் போர்டு எழுதப் பழகுகிறான். ‘படம் வரையத் தெரிந்தவன் கடைக்குப் பெயர் எழுதிக்கொண்டு அலைகிறான்’ என்று வீட்டில் பேச்சு.
— வாசகி, தக்கலை

தாராளமாகச் சொல்லலாம். பாரிசில் ஒரு நடன அரங்கத்துக்காக 1891-இல் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் செய்த சுவரொட்டி தெருச்சுவரில் ஒட்டுவதற்கென்றே அச்சானது. இன்று அதன் பிரதிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதில் இருப்பது நாலே வண்ணம். பின்னால் நிற்கும் கூட்டத்தை முகம் முகமாக வரையாமல் ஒரே கருநிழலாக விட்டுவிட்டார். தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் நடுவில் ஆடுகிறவள் மட்டும் கண்ணில் விழவேண்டும் என்பதே காரணம்.

நம் பக்கத்துக்கு வந்தால், குமரி மாவட்டத்துக்காரர்களான நாம் முன்பு இருந்த அதே திருவிதாங்கூரில், கிளிமானூரில் பிறந்தவர் ரவி வர்மா. 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியாகத்தான் அவர் படங்கள் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தன. நாட்காட்டி விளம்பரங்கள் வளர்ந்ததும் அந்தப் பாதையில்தான். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் சாமிப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் ஏறி, கடைப் பெயரோடு பூஜையறைக்கே போய்ச் சேர்ந்தன.

கண்காட்சிக்கு வருகிறவர் நின்று பார்ப்பார். சுவரெழுத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைப்பது நாலு நொடி. அந்த நாலு நொடிக்கு எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிற கைதான் இங்கே கலைஞனுடைய கை. மகனை முகம் வரைவதற்கு முன் எழுத்தைப் பழகச் சொல்லுங்கள். முகம் கொஞ்சம் பிசகினால் மன்னிப்பார்கள். எழுத்து பிசகினால் கடைப் பெயரே மாறிவிடும்.

மார்த்தாண்டம் சாலையில் 20 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் கிடைத்திருக்கிறது. தேன் வியாபாரம். எப்படித் தொடங்குவது? முன்பு ஒரு சுவரில் எழுதியது ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிட்டது.
— வாசகர், குழித்துறை

உரிந்த காரணத்தை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் பழைய சுண்ணாம்பின் மேலேயே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்திருப்பார்கள். சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அந்தச் சுவர் தயாரில்லை. பெயிண்ட் சுவரைப் பிடிக்காமல் மாவைப் பிடித்திருக்கும். மழை உள்ளே இறங்கியதும் மாவோடு சேர்ந்து ஏடு ஏடாக வந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, தூசு போகக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே பிரைமர் என்கிற அடிப்பூச்சு.

ரப்பர் மர நிழலில் இருக்கும் சுவர்களில் கறுப்பாகப் பாசி படிந்திருக்கும். அதை வெறுமே மூடினால் ஆறு மாதத்தில் மேலே வந்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் கரைசலைப் பூசி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு ஆசிட் எதையும் கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் பொறுங்கள். ஈர சிமெண்டின் காரம் எண்ணெய் பெயிண்டைச் சோப்பாக்கிவிடும்.

தரையிலிருந்து 3 அடிக்கு எழுத்தே வேண்டாம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம், பஸ் வாரியடிக்கும் சேறு, நிறுத்தி வைக்கும் பைக் எல்லாம் அந்த உயரத்தில்தான். அங்கே காவி கலந்த சுண்ணாம்பை ஒரே பட்டையாக அடித்தால் போதும்; ஈரம் வெளியேறவும் வழி இருக்கும். காவியும் வெள்ளையும் மாறி மாறி அடித்துவிடாதீர்கள், கோயில் மதில் என்று கண் தாண்டிப் போய்விடும்.

மேலே மிஞ்சுவது 140 சதுர அடி. பிரைமர் ஒரு கோட், வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட். சுவர் வழவழப்பாக இருந்தால் எமல்ஷன் சுமார் 3 லிட்டர் போதும், சொரசொரப்பு என்றால் இன்னும் குடிக்கும். தண்ணீர் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். நீர்த்துப்போன பெயிண்ட் அடித்த அன்று பளிச்சென்றுதான் இருக்கும். அடுத்த ஆண்டு கையில் மாவாக வரும்.

சுற்றிலும் ஓரம் விடுங்கள். காலி இடம் வீண் என்று கடைக்காரர்கள் வருத்தப்படுவார்கள். அந்தக் காலியிடம்தான் பக்கத்துச் சுவரின் சத்தத்திலிருந்து உங்கள் பெயரைப் பிரித்துக் காட்டுகிறது. பெயர் 18 அங்குல உயரம், ‘தேன்’ என்ற சொல் 10, தொலைபேசி எண் 10 என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். ‘சுத்தமான’, ‘தரமான’, ‘நம்பிக்கைக்குரிய’ எல்லாம் வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 150 அடியை நாலு நொடியில் கடந்துவிடுவார்.

படம் வேண்டுமென்றால் ஒரே ஒரு தேன்கூடு, அல்லது ஒரு பாட்டில். காகிதத்தில் அரை அங்குலக் கட்டம், சுவரில் ஒரு அடிக் கட்டம். காகிதத்தில் கோடு எந்தக் கட்டத்தை எங்கே வெட்டுகிறதோ அங்கேயே சுவரிலும் வெட்டவேண்டும். கட்டத்தைக் கரியால் போடாதீர்கள், வெளிர் நிறத்தில் கலங்கி அழுக்காகும். நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துக் கட்டி ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும்.

நேரமும் முக்கியம். கிழக்குப் பார்த்த சுவரில் பிற்பகலில் எழுதுங்கள், மேற்குப் பார்த்ததில் காலையில். வெயிலேறிய சுவரில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் பெயிண்ட் காய்ந்து, இழுப்பு இழுப்பாகத் தடம் தெரியும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் நிம்மதியாக வேலை நடக்கும்.

எத்தனை அளந்து எழுதினாலும் கடைசி எழுத்துகள் நெரிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ஏன்?
— வாசகர், கோட்டாறு

உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘கோட்டாறு’ என்பதை வாயால் எண்ணினால் 4 எழுத்து. சுவரில் எண்ணுங்கள்: ஒற்றைச்சுழியோ இரட்டைச்சுழியோ, கொம்பு ஓர் இடம், க ஓர் இடம், கால் ஓர் இடம், ட், ட, மறுபடி கால், று. மொத்தம் 7 இடம். அதிலும் ‘று’ ஒன்றரை இடம் கேட்கும். வாய்க்கணக்கில் சுவரைப் பங்கு போட்டால் நெரியத்தான் செய்யும். முதலில் நடு எழுத்தைக் கண்டு சுவரின் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சாக்பீஸால் மெல்லக் குறித்துக்கொண்டே போங்கள். பிரஷ் தொடுவது அதன் பிறகு.

ஆங்கிலப் பெரிய எழுத்து இரண்டு கோட்டுக்குள் அடங்கும். தமிழுக்கு அது போதாது. ‘கி’க்கு மேலே விசிறி, ‘கு’வுக்குக் கீழே வளைவு. எழுத்துடல், அதாவது விசிறியும் வளைவும் நீங்கலான நடுப்பகுதி, 12 அங்குலம் என்றால் மேலே 4, கீழே 5 என்று தனியாக ஒதுக்குங்கள். அடுத்த வரியின் உடலுக்கு முன் ஒரு முழு எழுத்துடல் அளவு இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மேல்வரி ‘கு’வின் வால் கீழ்வரி ‘கி’யின் தலையில் குத்தும்.

தூரத்துக்கான கணக்கு: 10 அடிக்கு எழுத்துடல் 1 அங்குலம். 60 அடிக்கு 6 அங்குலம். கோட்டின் தடிமன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் தடித்தால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி கோட்டின் தடிமனுக்குக் குறையவே கூடாது, எழுத்திலிருந்து அதே அளவு தள்ளியும் நிற்கவேண்டும். சின்னப் புள்ளி தூரத்தில் மறைந்தால் ‘கடல்’ ‘கடல’ ஆகிவிடும். ‘ர’வின் அடிச்சாய்வைக் கொஞ்சம் கூட்டியே இழுங்கள், இல்லாவிட்டால் அது கால்தான்.

நிழல் போடுவதாக இருந்தால் எல்லா எழுத்துக்கும் ஒரே திசை. வெளிச்சம் இடது மேலிருந்து வருவதாக வைத்தால் நிழல் வலது கீழே. ஓர் எழுத்தில் மாறினாலும் முழு வரியும் ஆடும். பழைய போர்டைப் புதுப்பிக்கும்போது யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களைப் பார்ப்பீர்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய கை அது. கடைக்காரர் சம்மதித்தால் அந்த வடிவத்தை மாற்றாமல் அப்படியே மேலெழுதுங்கள். அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

புது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் எனாமல் பெயிண்டால் கடை போர்டு எழுதினோம். ஓராண்டுக்குள் தோல் உரிவதுபோல் வந்துவிட்டது. கடல் காற்றா காரணம்?
— வாசகர், குளச்சல்

கடல் காற்று பாதிதான். தகட்டின் மேலிருக்கும் துத்தநாகத்தோடு எனாமலில் உள்ள எண்ணெய் வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவில் சோப்புப் படலம் உண்டாகிறது. பிடிமானம் அங்கேயே போய்விடுகிறது. உரிந்ததை முழுதும் சுரண்டுங்கள். சோப்புத்தூள் போட்டுத் தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஜி.ஐ. தகட்டுக்கென்றே விற்கும் எட்ச் பிரைமர் அடித்து, அதன் மேல் எனாமல் இரண்டு கோட். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் இதற்கு ஆகாது.

பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் பெயிண்ட் அடிக்க மறக்காதீர்கள். உப்புக்காற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது. இரும்பு ஆணிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போட்டு, சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.

ஃப்ளெக்ஸ் நிற்கவே மாட்டேனென்கிறது. காற்றுப் போக நடுவில் வெட்டிவிடலாமா?
— வாசகர், ஆரல்வாய்மொழி

வெட்டாதீர்கள், கிழிசல் அந்த வெட்டிலிருந்தே தொடங்கும். கணவாய்க் காற்றுக்குக் காற்றாலை நட்டிருக்கிற ஊர் உங்களுடையது. அங்கே சுவரெழுத்துதான் சரி.

சுவர்க்காரரிடம் வாய்ப்பேச்சு போதுமா?
— வாசகர், தோவாளை

போதாது. பொது இடங்களை விளம்பரத்தால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே சட்டம் இருக்கிறது. உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு காலத்துக்கு, முடிந்ததும் யார் வெள்ளையடிப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பாலம், அரசுச் சுவர், வழிகாட்டிப் பலகை பக்கம் போகவே வேண்டாம்.

சிவப்பு மட்டும் ஏன் ஒரே ஆண்டில் இளஞ்சிவப்பாகிறது?
— வாசகி, குலசேகரம்

பளிச்சென்ற சிவப்புகளில் பல வெயிலில் சிதைகிற நிறமிகளால் ஆனவை. வெள்ளை கலந்து வெளிறச் செய்திருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். காவி, மஞ்சட்காவி இரண்டும் இரும்பு ஆக்சைடு; அவை நிற்கும். ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் பச்சை சில மாதம்கூடத் தாங்காது. சிவப்பு கட்டாயம் வேண்டுமென்றால் வடக்குப் பார்த்த சுவரில், வெள்ளை கலக்காமல், கறுப்பு அவுட்லைனோடு எழுதுங்கள். சிவப்பு வெளுத்தாலும் கறுப்புக்கோடு பெயரைப் படிக்க வைக்கும். மஞ்சளும் சிவப்பும் வாங்கும்போது டப்பாவில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பழைய போர்டின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; சுரண்டும்போது தூசு தடுக்கும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.