கொண்டைக்கடலையில் சாண்ட்விச் துண்டு: ஏன் உதிர்கிறது?

சாண்ட்விச்சுக்குள் வைக்கும் மெல்லிய துண்டுக்காக, வேகவைத்த கடலையை மட்டும் அரைத்துப் பிசைந்து ஆவியில் வைத்தால், வெட்டும்போது வடை மாதிரி உதிரத்தான் செய்யும். கடலையில் புரதம் உண்டு, ஆனால் கோதுமையில் உள்ள புரதமான குளூட்டன் போல இழுவை தராது. அதனால் வெந்த கடலை 1 கப்புக்குக் குளூட்டன் மாவு (கோதுமையிலிருந்து குளூட்டனைப் பிரித்தெடுத்த பொடி) 1 கப், தண்ணீர் அரை கப். சாதாரண கோதுமை மாவு சரிவராது. உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் சோயா சாஸ் சேர்த்து 5 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கையில் ரப்பர் மாதிரி இழுபட வேண்டும். உருளையாக்கி, அலுமினியத் தாளில் மிட்டாய் போல இரண்டு முனையையும் முறுக்கி, இட்லிப் பானையில் 50 நிமிடம் வேகவையுங்கள். அப்புறம்தான் முக்கியம்: சூட்டோடு வெட்டாதீர்கள். நான் அவசரப்பட்டு வெட்டி, புட்டாக்கிச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தால் இறுகி, மெல்லிய துண்டாக வரும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது.